கிருஷ்ணர் அடித்த கோல்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கிருஷ்ணர் நிற்கிறார். கையில் குழல் கிடையாது. மயிலிறகு இருந்த இடத்தில் ஒரு தழும்பு. காலுக்குக் குறுக்கே காலைப் போட்டு ஒயிலாக நிற்கும் அந்த நிலையில் மட்டும் மாற்றமில்லை. ஆனால் கட்டைவிரலுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு பந்து. நெஞ்சில் நீல எழுத்தில் ‘சென்னை சிட்டி’. சூளைச் சூட்டில் கிளேஸ் வழிந்து, ‘சிட்டி’யின் மேல்சுழி கீழே இறங்கி ‘சிட்டு’ ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் கிட்டே வந்து பார்த்து, போட்டுக்கொண்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் முழிப்பார்கள்.

இதைச் செய்தது என் மாமா. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் முப்பது வருஷமாக அச்சில் களிமண் குழம்பு ஊற்றியவர். பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கட்டை என்று எல்லாம் அவர் கையில் பட்டு வெள்ளை வெளேர் என்று வெளியே வந்திருக்கின்றன. அப்படிப்பட்டவர் ஒரு கால்பந்து கிளப்பின் மேல் காதல் கொண்டு கிருஷ்ணருக்கு ஜெர்சி போட்டுவிட்டார் என்றால், அந்தக் கிளப் எப்பேர்ப்பட்டதாக இருக்கவேண்டும்?

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் ஊரின் விளையாட்டுத் தகுதி என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கம்மாபுரம் விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் ஊரில் கபடி உண்டு, வாலிபால் உண்டு, முந்திரித் தோப்பில் கிரிக்கெட் உண்டு. மழை பெய்து பிட்ச் நனைந்துபோனால், வேறு வழியில்லாமல் கால்பந்தும் உண்டு. கோல் போஸ்ட் என்றால் இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிச் செருப்பு. ஆட்டம் முடிந்தபின் யாருடைய செருப்பு யார் காலில் போனது என்பதுதான் ரிசல்ட். இந்தத் தகுதியில் நின்றுகொண்டுதான் இந்தியாவின் சாம்பியன் கிளப் ஒன்றின் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வரலாறு சைகோனில் தொடங்குகிறது. சிரிக்காதீர்கள். 1945 ஆகஸ்ட் 17 அன்று சுபாஷ் சந்திர போஸ் சைகோனிலிருந்து ஒரு ஜப்பானிய விமானத்தில் ஏறினார். இரவு வியட்நாமின் துரானில் தங்கல். இப்போது அந்த ஊருக்குப் பேர் தனாங். மறுநாள் தைபேயில் விமானம் விழுந்தது. விழவே இல்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் எல்லா டீக்கடைகளிலும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை வேண்டாம். அடுத்த வருஷம், 1946இல், சென்னையில் சில பையன்கள் ஒரு கால்பந்து கிளப் ஆரம்பித்து அதற்கு நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று பேர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை. அந்த நேரத்தில் அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்துக்கு, அவனை எதிர்த்துப் படை திரட்டியவர் பேர். குசும்பு என்றால் இதுதான்.

போஸ் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வின் தலைமையை ஏற்றது 1943இல் சிங்கப்பூரில். அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் நிறையப் பேர். ‘டெல்லி சலோ’ என்று கிளம்பினார்கள், டெல்லி வரை போக முடியவில்லை. இந்தத் தகவலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வருஷம் கழித்து வேண்டியிருக்கும்.

நடுவில் என்ன நடந்தது? ஆடிக்கொண்டிருந்தார்கள். சென்னை லீகில் ஏறுவதும் இறங்குவதுமாக, பார்க்க யாரும் இல்லாமல், பல்லாண்டுகள். நேதாஜி கிளப் என்ற பேர் காலப்போக்கில் சென்னை சிட்டி எப்.சி. ஆனது. விடுதலை வீரர் போய் முனிசிபாலிட்டி வந்தது என்று மாமா சொல்வார்.

2016 கடைசியில் அகில இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனுக்கு, அப்போது நாட்டின் முதல்நிலை லீகாக இருந்த ஐ-லீகில் ஆள் தேவைப்பட்டது. தகுதிச் சுற்று எல்லாம் ஆடாமல், பணம் கட்டத் தயாராக இருப்பவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி நன்கொடைக் கோட்டாவில் சீட்டு வாங்கிய இரண்டு பேர், பஞ்சாபின் மினர்வாவும் நம் சென்னை சிட்டியும். ஒரே நாளில் அட்மிஷன் வாங்கிய இந்த மினர்வாவையும் ஓரமாக வையுங்கள். ஓரத்தில் இடம் இருக்கிறது.

அதே ஊரில் அப்போது இன்னொரு கிளப் இருந்தது. 2014இல் பிறந்த சென்னையின் எப்.சி. அதற்கு அபிஷேக் பச்சன் முதலாளி, தோனி பங்காளி. பணக்கார லீகான ஐ.எஸ்.எல்.லின் கோப்பையும் கையில். பெரிய வீட்டுப் பிள்ளை. நம்ம சிட்டிக்கு ரோஹித் ரமேஷ் என்ற ஒரு உரிமையாளரும், நேரு ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான காலி நாற்காலிகளும் இருந்தன. 2017 ஜனவரியில் அங்கே ஆடத் தொடங்கினார்கள். சென்னைக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் இப்படி ஒரு கிளப் ஆடுகிறது என்ற செய்தி போய்ச் சேர்வதற்குள் சீசன் முடிந்துவிட்டது. பத்து அணிகளில் எட்டாம் இடம்.

அடுத்த சீசனில் ஒரு மகத்தான யோசனை செய்தார்கள். சென்னை சிட்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். பேர் மாற்றவில்லை. சென்னை சிட்டி என்ற பேரிலேயே கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். மதுரை முனியாண்டி விலாஸ் என்று எல்லா ஊரிலும் இருப்பதுபோல. கோவைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ‘ஏனுங்க, இது யாரு ஊரு டீமுங்க?’ என்று கேட்டுவிட்டு, பதில் வராவிட்டாலும் உட்கார்ந்து கை தட்டினார்கள். அந்த வருஷமும் பத்தில் எட்டு. எட்டு நமக்கு ராசியில்லாத எண் என்று மாமா தீர்மானமாகச் சொன்னார். ஆனால் அதே சீசனில் இரவிபுத்தன்துறைக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் நடுக்களத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஐ.எஸ்.எல். கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போனது. நம்மிடம் நாற்று விடுவார்கள், நடவும் அறுப்பும் அடுத்தவர் வயலில்.

இந்த மாதிரி மாகாணத்துக் கிளப்புகளின் ஜாதகம் உலகமெங்கும் ஒன்றுதான். வியட்நாமில் பிளேக்கு என்று ஒரு மலையூர், காப்பியும் ரப்பரும் விளையும் இடம். அங்கே மரச்சாமான் வியாபாரத்தில் முன்னேறிய தோவான் நுயென் துக் என்பவர், ஹோவாங் ஆன் ஸா லாய் என்ற கிளப்பைக் கையில் எடுத்தார். தாய்லாந்துக் கால்பந்தின் சூப்பர் ஸ்டாரான கியாட்டிசுக்கை அந்த மலையூருக்கே கூட்டிவந்தார். நம்மூர்த் திருவிழாவுக்கு ரஜினியைக் கூப்பிட்டு, அவர் நிஜமாகவே வந்துவிட்டதைப்போல. 2003, 2004 இரண்டு வருஷமும் வியட்நாம் லீக் கோப்பை. அடுத்த இருபது வருஷத்தில் அந்தக் கோப்பை பிளேக்கு பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கிளப் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆட்டம் நடக்கிறது. நம் கதையில் அந்த மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதுதான் வித்தியாசம்.

2018இல் நம்மவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஒரு கோச்சைக் கொண்டுவந்தார்கள். பேர் அக்பர் நவாஸ். ஓரமாக வைத்ததை இப்போது எடுங்கள். நேதாஜி பேரில் தொடங்கிய கிளப்புக்குத் தளபதி சிங்கப்பூரிலிருந்து வருகிறார்! அவருக்கு இந்தச் சரித்திரம் தெரியுமோ தெரியாதோ, டெல்லியில் உட்கார்ந்திருக்கிற ஃபெடரேஷனின் கோப்பையை அள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

கூடவே ஸ்பெயினிலிருந்து ஒரு கோஷ்டி இறங்கியது. நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. இவர்களோடு பெத்ரோ மான்சி. இவர் பிறந்தது உருகுவேயில், ஆடிப் பழகியது ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளில். ஐரோப்பாவில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள், கோவையில் காலை வைத்த முதல் ஆட்டத்திலேயே, 2018 அக்டோபரில், இந்தியன் ஆரோஸ் மேல் மூன்று கோல் போட்டார். 4-1. ஆரோஸ் என்பது ஃபெடரேஷனே வளர்த்த பொடிப் பையன்கள் அணி. அதனால் மாமா அசரவில்லை. ‘சின்னப் பசங்கள அடிக்கறது ஒரு வீரமா மாப்ள?’ என்றார். அப்புறம் மான்சி பெரியவர்களையும் அடிக்கத் தொடங்கினார். சீசன் முடிவில் மொத்தம் 21. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீகிலேயே அதிக கோல்.

மாமா இந்தக் கிளப்பில் மனதைப் பறிகொடுத்ததற்கு மான்சி காரணமில்லை. அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் என்று ஒருவர் ஆடினார். பேரைக் கேட்டால் ஹாலந்துக்காரர் மாதிரி இருக்கும். ஆள் நெய்வேலி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் வந்துவிடுகிற நெய்வேலி. ‘நம்ம பக்கத்துப் பையன்டா’ என்று மாமா சொன்ன அன்றே, சென்னை என்று பேர் வைத்துக் கோவையில் ஆடிய கிளப் கம்மாபுரத்தின் கிளப் ஆகிவிட்டது. பட்டா மாற்றிக்கொடுக்கத் தாசில்தார் யாரும் தேவைப்படவில்லை.

அந்த வருஷங்களில் ஐ-லீகில் ஒரு விசித்திரக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. 2016-17 சாம்பியன் ஐஸ்வால். முந்தைய வருஷம் லீகிலிருந்தே இறக்கிவிடப்பட்ட கிளப் அது. கோவாக் கிளப்புகள் விலகிக்கொண்டதால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பெயிலாகி, கிரேஸ் மார்க்கில் மேலே வந்த பையன் ஸ்டேட் பர்ஸ்ட் வாங்கிய கதை. 2017-18 சாம்பியன் நம்மோடு அட்மிஷன் வாங்கிய அதே மினர்வா. இரண்டு வருஷமாகக் கொல்கத்தாப் பெரியவர்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள். மூன்றாவது வருஷம் ஈஸ்ட் பெங்கால், இனிமேலும் பொறுக்க முடியாது என்று களமிறங்கியது. 1920இல் தொடங்கிய கிளப். தேசிய லீகைக் கடைசியாக ஜெயித்தது 2003-04இல். ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியில் வேலை பார்த்த அலெஹாண்ட்ரோ மெனண்டஸ் கோச். லட்சக்கணக்கில் ரசிகர்கள். எதிரே நாம், கூட மாமா.

சீக்கிரமே கோப்பையை முடித்திருக்கலாம். கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்று, விஷயத்தைக் கடைசி நாள்வரை இழுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரன் எதையும் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டமாட்டான். கரண்ட் பில்லாக இருந்தால் என்ன, கோப்பையாக இருந்தால் என்ன.

2019 மார்ச் 9, சனிக்கிழமை சாயந்திரம். நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நாம் கோவையில் மினர்வாவோடு, அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு, ஒரே நேரத்தில்.

கம்மாபுரம் டீக்கடையில் மாமாவின் போனை பாய்லரில் சாய்த்து நிறுத்தினோம். பாய்லர் சூட்டுக்குப் போன் கொதித்து நின்றுவிட, பிஸ்கட் பாட்டிலுக்கு மாற்றினோம். இந்தச் சந்தடியில் மூன்றாவது நிமிஷமே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டிருந்தார். போன் திரும்ப உயிர் வந்தபோது 0-1. ‘நம்ம போன் ஆஃப் ஆனதாலதான்’ என்று மாமா சொன்னார். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. அவருக்கு இது என்ன ஆட்டம் என்றே தெரியாது. கூட்டம் நிற்கிறது, டீ போகிறது, அது போதும்.

பாதி நேரம் வரை அப்படியே. மாமா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். தான் பார்த்தால் தோற்றுவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கு அவருக்குக் கிரிக்கெட்டிலும் உண்டு, சூளையிலும் உண்டு. சூளையைத் திறக்கிற நேரத்தில் எதிரே நிற்கமாட்டார். 56ஆவது நிமிஷம் பெனால்டி. பந்தை வைத்தவர் மான்சி.

‘என்னாச்சி மாப்ள?’

‘பெனால்டி மாமா.’

‘நமக்கா, அவனுக்கா?’

‘நமக்கு.’

‘அப்ப நான் இப்படியே நிக்கறேன்.’

மான்சி அடித்தார். 1-1. 69ஆவது நிமிஷம், கௌரவ் போரா. இவர் டிபெண்டர். கோல் போடுவது இவர் வேலையே இல்லை. காவல்காரர் கல்யாணத்தில் தாலி கட்டிய மாதிரி போட்டார். 2-1. கோழிக்கோட்டில் அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கி, பிறகு எழுந்து, 2-1 என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. நம்மவர்கள் ஒரு கோல் வாங்கினால் டிரா, கோப்பை கொல்கத்தாவுக்கு. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிஷம் அதே போரா இன்னொன்று போட்டார். 3-1.

மாமா வாசலிலிருந்து உள்ளே ஓடிவந்து பிஸ்கட் பாட்டிலைக் கட்டிக்கொண்டார். சாம்பியன். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கொல்கத்தாவில் ஒரு நூற்றாண்டு கிளப்பின் ரசிகர்கள் அழுதுகொண்டிருந்த நேரத்தில், கம்மாபுரத்தில் எட்டுப் பேருக்கு மாமா கணக்கில் டீ. மாஸ்டர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்: ‘எந்த ஊரு டீம் ஜெயிச்சிச்சி?’ எட்டுப் பேரும் எட்டுப் பதில் சொன்னோம்.

ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கப். அங்கே அந்த வருஷத்து ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூருவை நம்மவர்கள் 2-1 என்று அனுப்பிவைத்தார்கள். அரையிறுதியில் கோவாவிடம் மாட்டிக்கொண்டது வேறு விஷயம். ஏழை வீட்டுச் சாம்பியன் பணக்கார வீட்டுச் சாம்பியனை அடித்துவிட்டான். சில மாதம் பொறுத்தார்கள். அப்புறம் ஃபெடரேஷன், இனிமேல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று அறிவித்தது. நாம் முதல் வகுப்பு டிக்கெட்டோடு ஏறி உட்கார்ந்ததும், அந்தப் பெட்டியைக் கழற்றி இரண்டாம் வகுப்பு என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

அதே வருஷம்தான் சுவிட்சர்லாந்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். எப்.சி. பாசெல். நமக்கு பாசெல் என்றால் மாத்திரை அட்டை. நோவார்ட்டிஸ், ரோஷ் இரண்டுக்கும் தலைமை அந்த ஊரில்தான். பெடரர் பிறந்த ஊரும் அதுவே. அந்தக் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அது ஏன் 26, முழுசாக 25 போதாதா என்று மாமா கேட்டார். போதாது. நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். 26 வைத்திருப்பவர் முரண்டு பிடித்தால் அது நிறைவேறாது. கல்யாணத்தை நடத்துகிற பொறுப்பு தாய்மாமனுக்குக் கிடையாது, ஆனால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மாலை மாற்றமுடியாது அல்லவா, அந்தப் பங்கு. என் மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பாசெல் ரசிகர்களுக்குத்தான் புரியவில்லை. நம்ம காசை எங்கேயோ இந்தியாவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கே அது எந்த ஊர் கிளப் என்று தெரியாதபோது.

ஆக, 2019இல் நிலவரம் இது: பேர் சென்னை, வாசம் கோவை, கோச் சிங்கப்பூர், கோல் உருகுவே, பங்கு சுவிட்சர்லாந்து, பக்தி கம்மாபுரம். ஐ.நா. சபைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும், இதே வேகத்தில் கலைந்தும் இருக்கும்.

கலைந்தது. கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார். ஒப்பந்தத் தகராறு ஃபெடரேஷன் வரை போய் அவருக்கு நான்கு மாதத் தடை விழுந்தது. வான்ஸ்பால் பெரிய வீட்டுக்கு, சென்னையின் எப்.சி.க்கு, போய்ச் சேர்ந்தார். ‘பையன் வசதியா இருந்தா சரி’ என்று மாமா பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் குரலில் சொன்னார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் பறந்தார்.

அதே வருஷம் ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் ஆரம்பச் சுற்று. பஹ்ரைனின் ரிஃபா கிளப்பை நம்மவர்கள் ‘சொந்த மண்ணில்’ சந்தித்தார்கள். சொந்த மண் எது தெரியுமா? அகமதாபாத். சென்னை என்று பேர் வைத்துக் கோவையில் குடியிருந்தவர்கள், ஆசியாவே பார்க்கிற அன்று குஜராத்தில் போய் வீட்டுக்காரர் வேஷம் போட்டார்கள். 0-1. வாடகை வீட்டில் விருந்து வைத்தால் உப்பு குறையத்தான் செய்யும். பிறகு ஏ.எப்.சி. கப்பில் மாலத்தீவின் மாசியாவோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடி, டிரா செய்து மூச்சு விடுவதற்குள் கொரோனா வந்து உலகத்தையே மூடிவிட்டது.

2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில், பூட்டிய வளையத்துக்குள். சத்யசாகரா என்று மறுபடியும் ஒரு சிங்கப்பூர்க் கோச். சிங்கப்பூர் ராசி இந்த முறை வேலை செய்யவில்லை. சாம்பியனாகி இரண்டே வருஷத்தில் அட்டவணையின் கீழ்ப்பாதியில் கிடந்தார்கள். அடுத்த சீசனுக்கு கிளப் உரிமத்துக்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை, 2021-22 ஐ-லீகில் இடமும் இல்லை. அவ்வளவுதான். ஊர்வலம் கிடையாது, இரங்கல் கூட்டம் கிடையாது. எந்த ஊரில் வைத்து நடத்துவது?

மினர்வா என்ன ஆனது என்று கேட்பீர்கள். கைமாறி, பேர் மாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆகி, 2022-23 ஐ-லீகை ஜெயித்து, அந்த வெற்றியால் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்த முதல் கிளப் ஆனது. நம்மோடு ஒரே நாளில் சீட்டு வாங்கிய பையன், நாம் கடைசி நாளில் 3-1 என்று அடித்த பையன். மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை. பேப்பரில் வந்த அந்தப் பக்கத்தில் பஜ்ஜி மடித்துவிட்டேன்.

பொம்மைக்கு வருகிறேன். கோப்பை ஜெயித்த அடுத்த வாரம் மாமாவுக்கு ஒரு வியாபார யோசனை. கால்பந்து வீரர் பொம்மை செய்து கோவைக்கு அனுப்பினால் அள்ளிக்கொண்டு போவார்கள். புது அச்சு எடுக்க பிளாஸ்டர், நாள், காசு எல்லாம் வேண்டும். இருப்பதோ பிள்ளையார் அச்சு, தாஜ்மஹால் அச்சு, கிருஷ்ணர் அச்சு. பிள்ளையாரை வைத்து கோல்கீப்பர் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார், போஸ்ட் நிறையும் என்றும் சொன்னார். மாமா கிருஷ்ணரைத் தேர்ந்தெடுத்தார். ‘கால பாரு மாப்ள, ஏற்கெனவே டிரிபிள் பண்ணிட்டுத்தான் நிக்கறாரு.’ அச்சிலிருந்து ஈரமாக வெளியே எடுத்ததும் குழலை நூலால் அறுத்தார், மயிலிறகைச் சுரண்டினார், உருட்டிய பந்தைக் களிமண் கூழ் தடவிக் கட்டைவிரலில் ஒட்டினார். மொத்தம் ஆறு. ஒட்டிய இடம் ஒரு வேகத்திலும் உடம்பு ஒரு வேகத்திலும் காய்ந்தால் சூளையில் விரிசல் விடும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்த மனுஷர், அவசரத்தில் தானே பொறுக்காமல் அடுக்கிவிட்டார். மூன்று வெடித்தன. இரண்டுக்குப் பந்து கழன்றது. அந்த இரண்டையும் திரும்பக் கடவுளாக்க முடியவில்லை, ஜெர்சி இருக்கிறதே.

மிஞ்சிய ஒன்றுதான் டிவிக்குப் பக்கத்தில். போன கிருஷ்ண ஜெயந்திக்கு அம்மா அதற்கும் சேர்த்தே சீடை வைத்துவிட்டாள். சாயந்திரம் வந்த மாமா ஒரு சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொம்மையின் பந்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் கேட்டார்: ‘ஏம்ப்பா, இவனுங்க மேட்ச் அடுத்து எப்ப?’

நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.